மரியம்மா ஊற்றாத தண்ணீர்

கூரையிலிருந்து விழுந்த முதல் சொட்டு என் உதட்டில்தான் விழுந்தது. பாண் பேக்கரியில் இரவு வேலை முடித்து வந்து, திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டுப் பகலில் தூங்குகிறவன் நான். தூக்கத்திலேயே நாக்கால் துடைத்திருக்கிறேன். உப்புக் கரித்தது. எழுந்து உட்கார்ந்து மேலே பார்த்தேன். வெள்ளைக் கூரையில் உள்ளங்கை அளவுக்கு ஈரம், அதன் நடுவில் அடுத்த சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

ரொறன்ரோவின் மல்வேர்னில் எங்கள் கட்டடத்தில் தண்ணீர் ஒழுகுவது புதினமில்லை. மேல்வீட்டில் ஒருவர் குழாயைத் திறந்துவிட்டு ரெலிபோனில் ஊர்க்கதை பேசினால் கீழ்வீட்டில் மழைதான். ஆனால் அதெல்லாம் நல்ல தண்ணீர். கடல் எங்கே, நாங்கள் எங்கே? பக்கத்தில் கிடக்கிற ஒன்ராறியோ ஏரியில்கூட உப்பு இல்லை. விரலால் தொட்டு இன்னொரு தரம் நாக்கில் வைத்தேன். சந்தேகமே இல்லை, கடல் தண்ணீர். முதலில் பயந்துவிட்டேன். கோபம் அதற்குப் பிறகுதான் வந்தது. எனக்கு எப்போதும் கோபம்தான் முதலில் வரும், மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் வரிசையில் நிற்கும் என்று என் மனைவி பேபி சொல்வாள். அன்றைக்கு வரிசை மாறிவிட்டது.

இது 2009ஆம் ஆண்டு மாசி மாதக் கடைசியில். வெளியே பனி குவிந்து கிடந்தது. சாரத்துக்கு மேல் ஒரு ஸ்வெற்றரைப் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறி மேல்வீட்டுக் கதவைத் தட்டினேன். கதவில் மாதா படம் ஒட்டியிருந்தது. திறந்தவள் என்னைவிட நாலைந்து வயது குறைந்த ஒரு தமிழ்ப் பெண், நெற்றியில் சாம்பல் பூசியிருந்தாள். கதவில் மாதா, நெற்றியில் திருநீறு! இது எந்தக் கூட்டம் என்று யோசித்ததில் என் கோபம் பாதியாகிவிட்டது. அன்றைக்கு வேதக்காரருக்கு விபூதிப் புதன், தவக்காலம் தொடங்குகிற நாள் என்று பேபி பிறகு சொல்லித்தான் தெரிந்தது.

அவள்தான் மரியம்மா. அவளுக்குப் பின்னால் வீடு பச்சையாக இருந்தது. சுவரும் பச்சை, கூரையும் பச்சை, அவள் காதும் கழுத்தும்கூட ஒரு பக்கம் பச்சை. வரவேற்பறையில் ஆள் படுக்கக்கூடிய நீளத்துக்கு ஒரு மீன்தொட்டி, மேலே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தொட்டியில் மீன் ஒன்றும் இல்லை. உள்ளே முழுக்க ஒரே பாசி. கோழி இறகு மாதிரி இலைகள் ஒன்றோடொன்று நெருங்கி நின்றன. தண்ணீரே தெரியவில்லை. இலைகள் எல்லாம் முன்பக்கக் கண்ணாடியில் வந்து ஒட்டிக்கொண்டிருந்தன. அந்தக் கண்ணாடிக்கு எதிரே ஒரு கதிரை போட்டிருந்தது. எவரோ அதில் உட்கார்ந்து பாசியுடன் பேசிவிட்டு இப்போதுதான் எழுந்தது போலிருந்தது.

அடியில் கண்ணாடி ஒட்டிய இடத்தில் கசிவு. சுற்றிவரத் துவாய்கள் போட்டிருந்தாள். நான் என் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். கட்டடம் பார்க்கிற சுப்பரின்ரன்றிடம் போவேன் என்றேன். உடனே தொட்டியை வெறுமையாக்கு, கசிவை ஒட்டு, பிறகு திமிங்கிலத்தையும் வளர் என்றேன். அவள் எல்லாவற்றையும் தலை குனிந்து கேட்டாள். மன்னிப்புக் கேட்டாள். என் கூரைக்குத் தானே பெயின்ற் அடித்துத் தருவதாகச் சொன்னாள். தொட்டிப் பேச்சு வந்தபோதுதான் நிமிர்ந்தாள்.

“அதை மட்டும் கேளாதேங்கோ அண்ணை,” என்றாள். “இன்னொண்டு. உங்கட வீட்டில விழுகிற தண்ணியைக் கொட்டிப்போடாதேங்கோ. ஒரு பேசினில பிடிச்சு வையுங்கோ. நான் வந்து எடுக்கிறன்.”

மறுநாள் உண்மையாகவே வந்தாள். அதற்கடுத்த நாளும் வந்தாள். காலையில் நான் வேலையால் வந்து சப்பாத்துக் கழற்றும் நேரத்துக்குக் கதவைத் தட்டுவாள். பேசினில் அரை அங்குலம் கூட இல்லாத தண்ணீரைக் கோயில் தீர்த்தம் போல இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு படியேறுவாள். மேலே போய் அதைத் தொட்டிக்குள் ஊற்றுகிற சத்தம் எனக்குக் கேட்கும். துவாய்களைப் பிழிந்து அதையும் தொட்டிக்குள்தான் விட்டாள். கீழே வந்த தண்ணீர் மேலே போகும், மேலே போன தண்ணீர் கீழே வரும். தலை கழன்ற கேஸ் என்றேன் பேபியிடம். பேபி மரியம்மாவை இருத்தி ஒரு தேத்தண்ணி கொடுத்தாள். அப்படித்தான் எனக்குப் பிடித்தும் பிடிக்காமலும் அவள் கதை எங்கள் வீட்டுக்குள் சொட்டுச் சொட்டாக வந்தது.

மரியம்மா குருநகர்க்காரி. சங்கு குளிக்கிற குடும்பம். தாய் வேளைக்கே போய்விட, தம்பி பஸ்ரியனைத் தூக்கி வளர்த்தது இவள்தான். எண்பதுகளின் கடைசியில் யார் யாரையோ பிடித்து இத்தாலிக்குப் போய்ச் சேர்ந்தாள். சிசிலித் தீவில், மெசினாவுக்குக் கிட்ட ஒரு சின்னக் கரையில் ஒரு வயோதிபச் சோடியின் வீட்டில் சமையலும் துடைப்பும். பஸ்ரியன் வளர்ந்ததும் அவனையும் கூப்பிட்டுக்கொண்டாள். அவனுக்குச் சமையலறையில் மூச்சு முட்டியது. தண்ணீருக்குள்தான் அவனுக்கு மூச்சு வரும் என்று மரியம்மா சொல்வாள்.

அந்தக் கரைக்கு முன்னால் இருந்தது காவல் போட்ட கடல். வலை போடக் கூடாது, நங்கூரம் போடக் கூடாது. அடியில் எங்கள் கரைகளில் ஒதுங்குமே சாதாளை, அதுபோல நீள இலைக் கடற்புல் வயல் வயலாகக் கிடந்ததாம். மீன் குஞ்சு பொரிப்பதும் ஒளிப்பதும் அதற்குள்தான். மனிதனைத் தடுக்க ஆளும் படகும் வைத்திருந்தார்கள். பாசியை யார் தடுப்பது? எங்கோ அழகுக்கென்று கண்ணாடித் தொட்டிகளில் வளர்த்த வெப்பக் கடல் பாசி கடலுக்குள் போய்விட்டது, படகு நங்கூரங்களில் தொற்றித் தொற்றி அங்கேயும் வந்து சேர்ந்துவிட்டது என்று அந்தக் கரையில் பேசிக்கொண்டார்களாம். அது கடற்புல்லின் மேல் ஏறிப் படர்ந்தது. மீன்கள் அதை வாயில் வைக்காது, அதற்குள் ஒரு நஞ்சு. அதற்கு விதை வேண்டாம். ஒரு நகத்துண்டு போதும், விழுந்த இடத்தில் பிடித்துக்கொள்ளும்.

அதைக் கையால் பிடுங்க ஆள் எடுத்தார்கள். நல்லாகச் சுழியோடத் தெரிந்தவன் என்று பஸ்ரியனையும் எடுத்தார்கள். காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு இறங்கி, வேர் மாதிரி ஓடுகிற தண்டை மெதுவாகக் கழற்றிச் சாக்கில் போட்டுக் கட்ட வேண்டும். அடுத்த கோடையில் இறங்கினால் பிடுங்கிய இடத்தில் இரட்டிப்பாக நிற்கும். சாக்கிலிருந்து தப்பிய துண்டுகளே புது இடங்களில் போய் முளைத்ததை அவன் தன் கண்ணால் கண்டிருக்கிறான். நான்தான் அக்கா இதை விதைக்கிறன் என்று சொல்லிச் சிரிப்பானாம். ஒருநாள் சிரிக்காமலும் ஒன்று சொன்னான். நல்ல கடலின் அடியில் ஓயாமல் ஒரு சத்தம் இருக்கும், எண்ணெயில் கடுகு வெடிப்பது போலப் படபடவென்று இறால்களும் நண்டுகளும் போடுகிற சத்தம். பச்சை மூடிய இடத்துக்குள் போனால் அந்தச் சத்தம் நின்றுவிடும். தன் மூச்சு மட்டும்தான் கேட்கும். அந்த இடத்தில் எவரோ காது கொடுத்துக்கொண்டு நிற்பது போல இருக்கும் என்றானாம்.

அங்கே வந்த ஆராய்ச்சிக்காரப் பெண்ணொருத்தி அவனிடம் சொன்னதையும் மரியம்மா எங்களுக்குச் சொன்னாள். உவ்வளவும் பல செடி இல்லை, ஒரே செடி. துண்டு துண்டாகப் போனாலும் ஒரே உடம்பு. இந்தக் கரையில் நிற்பதும் அடுத்த நாட்டில் நிற்பதும் ஒரே ஆள்தான். பேபி தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு மேலே கூரையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

ஊரில் சண்டை நின்று சமாதானப் பேச்சு நடந்த காலத்தில் பஸ்ரியன் திரும்பிப் போக முடிவெடுத்தான். முல்லைத்தீவுப் பக்கம் ஒரு பெண் பார்த்தாயிற்று, ஒரு படகும் வாங்கலாம். அதே சமயம் மரியம்மாவுக்கு ரொறன்ரோவிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. யேசுரட்ணம் என்று மனைவி இறந்த ஒரு மனிதர், நல்லவர். நாற்பது கடந்த பிறகு தாலி கட்டி வந்தாள். இரண்டு வருடத்தில் அவரும் மாரடைப்பில் போய்விட்டார். அந்த வீடும் மாதா படமும் அவர் விட்டுப் போனவைதான்.

அக்காவும் தம்பியும் கத்தானியா விமான நிலையத்தில் ஒரே நாளில் பிரிந்தார்கள். அவன் கொழும்புக்கு, இவள் ரொறன்ரோவுக்கு. உள்ளே போகும்போது பஸ்ரியன் ஒரு போத்தல் தண்ணீரில் பாதியைக் குடித்துவிட்டு மிச்சத்தை இவள் கையில் கொடுத்தான். குடிக்கத்தான் கொடுத்தான். இவள் குடிக்கவில்லை. ரொறன்ரோ வரைக்கும் கொண்டுவந்து அந்தோனியார் சொரூபத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

காரணம் அவர்கள் குடும்பத்து வழக்கம். கடலுக்குப் போகிறவன் வாசலில் நின்று செம்பில் பாதித் தண்ணீர் குடித்துவிட்டுப் போவான். மிச்சத்தை வீட்டார் ஊற்றமாட்டார்கள், குடிக்கமாட்டார்கள். செம்பு வெறுமையாகவும் கூடாது. திரும்பி வருகிறவன் தானே அதை எடுத்து வாசலில் ஊற்றுவான். அப்போதுதான் அவன் கரையேறிவிட்டான் என்று அர்த்தம்.

“அவர் பிளேனிலல்லோ போனவர், கடலில இல்லையே,” என்றேன் நான். எனக்கு நாக்கு அப்படி.

“உவன் எங்க போனாலும் எனக்குக் கடலுக்குப் போனவன்தான் அண்ணை,” என்றாள்.

வராவிட்டால் யார் ஊற்றுவது என்று பேபி கேட்டாள். மரியம்மா பேசினைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

பாசி வந்த கதை அதற்குப் பிறகு. மரியம்மா ஒரு மீன்தொட்டிக் கடையில் தொட்டி கழுவுகிற வேலை செய்தாள். கடலிலிருந்து எடுத்து விற்கிற கற்கள் அங்கே பெட்டி பெட்டியாக வரும். ஒருநாள் ஒரு கல்லின் இடுக்கில் சுண்டுவிரல் நகமளவு பச்சையைக் கண்டாள். கண்டவுடனே தெரிந்துவிட்டது. பஸ்ரியனின் முடிக்குள்ளும் சட்டைக் கைக்குள்ளும் இருந்து இவள் எத்தனை நாள் பொறுக்கி எறிந்த பச்சை! ஒரே உடம்பு என்று அந்தப் பெண் சொன்னாளே. தம்பியின் கை பட்ட அதே ஆள் இங்கே தேடி வந்திருக்கிறது என்று நினைத்தாள். கடைக்காரர் ஒட்டு விட்டுப்போனதென்று எறியவிருந்த பழைய தொட்டியைக் கேட்டு வாங்கி, உப்புக் கரைத்து, அந்தத் துண்டைப் போட்டாள். பார்க்க ஆசையாக இரண்டு மீனும் விட்டாள். மீன்கள் அந்தப் பச்சைக்குள் பட்டினி கிடந்து செத்தன.

அந்த வருடத் தை மாதம், பஸ்ரியன் மனைவியோடு இருந்த வன்னியில் சண்டை இறுகியது. பஸ்ரியனிடமிருந்து வந்த கடைசி அழைப்பில் காற்றுச் சத்தம்தான் அதிகம் கேட்டதாம். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. அந்த நாட்களில்தான் மரியம்மா போத்தலைக் கவனித்தாள். மூடி இறுக்கமாகத்தான் இருந்தது, ஆனால் தண்ணீர் ஒரு விரற்கடைக்கு இறங்கியிருந்தது. ஒவ்வொரு நாளும் குறைவது போலத் தெரிந்தது. செம்பு வெறுமையானால்? நடுங்கிப்போய் அந்தத் தண்ணீரைத் தொட்டிக்குள் ஊற்றிவிட்டாள். அங்கே என்றால் நிற்கும், ஒருபோதும் வற்றாது என்று நினைத்தாள். அந்தக் கணத்திலிருந்து தொட்டி முழுவதும் பஸ்ரியனின் தண்ணீராகிவிட்டது. இனி எந்தச் சொட்டு அவனுடையது, எந்தச் சொட்டு குழாயினுடையது என்று யாருக்குத் தெரியும்? ஒட்டு விட்டுக் கசியத் தொடங்கியபோது அவளால் தொட்டியை வெறுமையாக்க முடியாமல் போனது இதனால்தான். வாளிகளில் அள்ளி வைத்துவிட்டு ஒட்டித் திரும்ப ஊற்றலாமே என்று நானே யோசனை சொன்னேன். தொட்டி ஒரு நிமிடமாவது வெறுமையாக நிற்குமே என்றாள்.

நான் அதைப் பைத்தியம் என்றுதான் சொன்னேன். சொன்னேனே தவிர, பேசினில் பிடித்த தண்ணீரை நான் ஒருநாளும் கொட்டவில்லை. எனக்கும் வன்னியில் ஒருவன் இருந்தான். என் அக்காவின் மகன் துஷாந்த். குறும்புக்காரன், ஸ்கைப்பில் வந்தால் என் மொட்டைத் தலையைக் காட்டச் சொல்லிச் சிரிப்பான். அக்காவும் அவனும் எங்கே என்று எங்களுக்கும் தெரியாது. அந்தப் பங்குனி, சித்திரை முழுக்க நான் வேலையால் வந்து தூங்காமல், சண்டையை நிறுத்தச் சொல்லி எங்கள் சனம் கூடிய யூனிவேர்சிற்றி வீதியில் போய் நின்றேன். அவன் படத்தைப் பெருப்பித்து மட்டையில் ஒட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். தொண்டை கட்டக் கத்தினேன். மரியம்மா வரவில்லை. ஊரே வீதியில் நிற்கிறது, நீ பாசியோடு குந்தியிருக்கிறாய் என்று ஒருநாள் ஏசினேன். நான் போனால் தண்ணீரை யார் பார்ப்பது என்று கேட்டாள். உண்மையைச் சொன்னால், நான் வீதியில் நின்று கத்தியதற்கும் அவள் துவாய் பிழிந்ததற்கும் ஒரே பலன்தான் கிடைத்துக்கொண்டிருந்தது.

பாசி மட்டும் கொழுத்தது. செய்தி இல்லாத ஒவ்வொரு கிழமையும் அது இன்னும் இறுகி நின்றது. மேல் மூடியைத் தூக்கிக்கொண்டு இலைகள் வெளியே தலை காட்டின. மரியம்மா வெட்டி எடுப்பாள். வெட்டியதை எறியவும் பயம், அதிலும் தம்பியின் தண்ணீர். சமையலறையில் போத்தல்களுக்குள், குளியலறை வாளிக்குள், ஒரு தேத்தண்ணிக் கோப்பைக்குள்கூடப் பச்சை நின்றது. பேபி ஒருமுறை மேலே போய்விட்டு வந்து கையைத் திரும்பத் திரும்பக் கழுவினாள். அந்த வீட்டுக்குள் ஃபிரிட்ஜ் சத்தம்கூடக் கேட்கவில்லை என்றாள். ஃபிரிட்ஜ் நின்றுவிட்டதா என்று கேட்டேன். இல்லை, ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் கேட்கவில்லை என்றாள். அவளுக்கு இல்லாததைச் சொல்லிப் பழக்கமில்லை.

ஒருநாள் என் பேசினுக்குள் ஒரு துண்டு பச்சை கிடந்தது. கொங்கிரீட்டைத் துளைத்துக்கொண்டு வந்துவிட்டதோ என்று கூரையை அண்ணாந்து பார்த்தேன். பிறகுதான் யோசித்தேன், பேசின் மேலேயும் கீழேயும் போய்வருகிறது, அதோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனாலும் அன்று நான் வரவேற்பறை சோபாவில்தான் படுத்தேன்.

சுப்பரின்ரன்ற் கூரைக் கறையைப் பார்க்க வந்தார். அவர் அந்தத் தொட்டியைக் கண்டால் அன்றைக்கே வெளியே தூக்கிப் போட்டுவிடுவார். அது பழைய கறை, ஒழுக்கு எப்போதோ நின்றுவிட்டது என்று அவருடைய முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒரு சொட்டு என் தோளில் விழுந்தது. நான் அசையவில்லை. அவர் கவனிக்காமல் போய்விட்டார். இரண்டு மாதத்துக்கு முன்னால் அவரிடம் போவேன் என்று மிரட்டியவன் நான்தான்.

வைகாசியில் எல்லாம் முடிந்தது. ரெலிவிஷனில் திரும்பத் திரும்ப ஒரு கடற்கரையைக் காட்டினார்கள். எரிந்த வாகனங்கள், கிழிந்த தறப்பாள்கள், நீரேரிக்குள் இடுப்பளவு தண்ணீரில் வரிசையாக நடந்து வருகிற சனம். நான் ஒவ்வொரு முகமாகத் தேடினேன். மேலே மரியம்மா துவாய் பிழிகிற சத்தம் கேட்டது.

ஆனி நடுவில் அக்கா, சனத்தை அடைத்து வைத்த முகாமிலிருந்து போனில் பேசினாள். தான் வந்து சேர்ந்துவிட்டதாகவும், துஷாந்தை வாசலில் ஆமிக்காரர் பெயர் பதிந்து ஒரு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனதாகவும் சொன்னாள். பஸ் எங்கே போனது என்று கேட்டேன். தெரியாது என்றாள். பஸ்ஸின் யன்னலால் கை காட்டினவன் என்றாள். அவ்வளவுதான்.

ஆடி மாதம் ஒரு மத்தியானம் மரியம்மா வந்து கதவைத் தட்டினாள். காலையில்தான் பேசினை எடுத்துப் போயிருந்தாள். இப்போது கை வெறுமையாக இருந்தது. பேபி கதிரையை இழுத்துக் கொடுத்தாள், அவள் இருக்கவில்லை. பஸ்ரியனின் மனைவி முகாமிலிருந்து யாருடையதோ போனில் பேசினாளாம்.

“குடிக்கத் தண்ணி எடுக்கப் போனவனாம் அண்ணை,” என்றாள். “தண்ணிக் கானோட போனவனாம். கிணத்தடியில ஷெல் விழுந்ததாம்.”

எப்போது என்று பேபி மெதுவாகக் கேட்டாள்.

“விபூதிப் புதன். சாமியார் பங்கருக்குள்ள வந்து சாம்பல் பூசிவிட்டவராம். பூசின கையோட தாகமெண்டு எழும்பிப் போனவனாம்.”

நான் கட்டிலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். என்னை அறியாமலே திரும்பினேன். மரியம்மாவும் அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஓம் அண்ணை, அண்டைக்குத்தான்,” என்றாள். “தண்ணி அண்டைக்கே வெளிக்கிட்டிட்டுது. நான்தான் விடேல்ல. பிழிஞ்சு பிழிஞ்சு திருப்பி ஊத்தினன்.”

அவள் அழவில்லை. பேபிதான் அழுதாள். பழைய தொட்டி, விட்டுப்போன ஒட்டு, அது எந்த நாளிலும் கசிந்திருக்கலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். என் உதட்டில் விழுந்த அந்த முதல் சொட்டின் உப்பு அப்படியே நாக்கில் வந்தது.

அந்தப் பச்சையைப் பற்றி அவள் இன்னொன்றும் சொன்னாள். தம்பிக்காகத்தான் அது வளர்கிறது, அது வளர்வதால் அவன் இருக்கிறான் என்று நினைத்து ஒவ்வொரு நாளும் அதனோடு பேசியிருக்கிறாள். அவன் செத்த நாளிலிருந்துதான் அது உண்மையாகக் கொழுத்திருக்கிறது. அது ஒருவருக்காகவும் வளரவில்லை என்றாள்.

பிறகுதான் வந்த காரியத்தைச் சொன்னாள். முன்பு பேபி கேட்டாளே, போனவன் வராவிட்டால் மிச்சத் தண்ணீரை யார் ஊற்றுவது என்று. வீட்டார் ஊற்றக் கூடாது. ஊற்றினால் வீட்டாரே அவனைத் தள்ளிவிட்டதாகும். ஒரு வெளியாள் வந்து ஊற்ற வேண்டும், வீட்டார் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்க வேண்டும்.

“நீங்கள்தான் முதல் நாளே ஊத்தச் சொன்னனீங்கள்,” என்றாள். குரலில் குற்றம் ஒன்றும் இல்லை. அவளுக்கு இந்த ஊரில் வேறு வெளியாள் இல்லை.

பாசியை அவளே எடுத்தாள். அரிசி அவிக்கிற பெரிய பானையில் போட்டு அவித்தாள். நல்ல தண்ணீர் பட்டாலே அது செத்துவிடும் என்று அவளுக்குத் தெரியும், ஆனால் உந்தச் செடியை நம்பேலாது என்றாள். போத்தலில் நின்றது, கோப்பையில் நின்றது எல்லாம் பானைக்குள் போயின. வீடு முழுக்கக் கடற்கரை வெயிலில் காய்கிற வாடை. நான் தொட்டித் தண்ணீரை வாளி வாளியாக அள்ளி, லிஃப்ற்றில் கொண்டு இறங்கி, கட்டடத்துக்குப் பின்னால் வேலியோரத்தில் ஊற்றினேன். வெயில் நல்லாக எறித்தது. பிள்ளைகள் பார்க்கிங் இடத்தில் சைக்கிள் ஓடிக்கொண்டிருந்தார்கள். மரியம்மா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜெபமாலையோடு நின்றாள். பேபி அவள் தோளைப் பிடித்திருந்தாள். ஒவ்வொரு வாளியும் நிலத்தில் விழுகிற சத்தத்துக்கு அவள் தோள் ஒரு தரம் உயர்ந்து இறங்கியது.

கடைசி வாளியும் வந்தது. அதை நான் சரித்துக்கொண்டு போகையில் அடியில் ஒன்றைக் கண்டேன். வாளியின் ஓரத்தில், கையளவு தண்ணீருக்குள், ஒரு நகத்துண்டுப் பச்சை. அவள் கண்ணுக்குத் தப்பியது. இலைகூட இல்லை, ஒரு சின்ன இறகின் நுனி. வாளியைச் சரித்தபடியே நின்றேன். பஸ் யன்னலால் கை காட்டினவன் என்று அக்கா சொன்னது காதுக்குள் கேட்டது. கை காட்டியிருந்தால் எந்தப் பக்கம் பார்த்துக் காட்டியிருப்பான்? அந்த பஸ் எங்கேயோ ஒரு இடத்தில் நின்றுதானே இருக்க வேண்டும்?

“முடிஞ்சுதோ அண்ணை?” என்று மரியம்மா திரும்பாமலே கேட்டாள்.

“ஓம், முடிஞ்சுது,” என்றேன்.

வாளியை நேரே நிமிர்த்தி, மற்ற வாளிகளுக்குள் மறைத்துக்கொண்டு மேலே வந்தேன்.

மரியம்மா ஐப்பசியில் வீட்டைக் கொடுத்துவிட்டு பக்கத்து ஊரான அஜக்ஸில் பஸ்ரியனின் மனைவியின் உறவுக்காரரோடு இருக்கப் போயிருக்கிறாள். அங்கிருந்து பஸ்ரியனின் மனைவியைக் கூப்பிட அலுவல் பார்க்கிறாள். ஞாயிறுகளில் பேபியோடு போனில் பேசுவாள். குரல் தெளிந்திருக்கிறது, சிரிக்கவும் சிரிக்கிறாளாம். எங்கள் கூரை காய்ந்துவிட்டது, சுப்பரின்ரன்ற் வந்து பெயின்ற் அடித்துவிட்டார். வேலியோரத்தில் நான் ஊற்றிய இடத்தில் மட்டும் புல் இல்லை.

வாளி எங்கள் கட்டிலறை யன்னலோரம் இருக்கிறது. தண்ணீர் குறையக் குறைய உப்புக் கரைத்து விடுகிறேன். பேபி ஒருமுறை அதைக் கழுவவென்று தூக்கினாள். நான் அவள் கையிலிருந்து வாங்கித் திரும்ப வைத்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு துஷாந்தின் படம் ஒட்டிய மட்டை சாய்த்து வைத்திருக்கிற சுவரைப் பார்த்தாள். அதற்குப் பிறகு வாளியைத் தொடவில்லை. பகலில் தூங்குகிறபோது முன்பெல்லாம் பக்கத்து வீட்டு ரெலிவிஷன் கேட்கும், நடைகூடத்தில் பிள்ளைகள் ஓடுவது கேட்கும். இப்போது நல்ல அமைதி. நேற்று வாளிக்குள் எட்டிப் பார்த்தேன். அடி தெரியவில்லை, முழுக்கப் பச்சை.